ஊர் நிதிக்கு ஓர் இணையதளம்: பொறுப்பேற்பவருக்கு

ஊர் அறக்கட்டளைக்கு இணையதளம் நடத்த ஒப்புக்கொள்பவர்களில் பலர் அதை வடிவமைப்பு வேலை என்று நினைத்துத்தான் இறங்குகிறார்கள். நிறம், படம், எழுத்துரு என்று முதல் வாரம் போய்விடும். பிறகு நன்கொடை வரத் தொடங்கும். கூடவே கேள்வியும் வரும்: “போன செவ்வாய்க்கிழமை ஐயாயிரம் போட்டேனே, பட்டியல்ல எம் பேரைக் காணோமே?” அப்போதுதான் புரியும், இது கணக்கு வேலை. நம் ஊர்க் கல்யாணங்களில் மொய் நோட்டு பிடிப்பவருக்கு உள்ள பொறுப்புதான் உங்களுக்கும். பெயர், ஊர், தொகை மூன்றும் பிசகாமல் ஏற வேண்டும். நோட்டு வீட்டுக்காரர் கையில் இருக்க வேண்டும்.

இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்: டெல்டா ஊர் ஒன்றில் குளம் தூர்வார நிதி திரட்டுகிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வீசிப்போன பிறகு பேராவூரணிப் பக்கத்து இளைஞர்கள் ஒன்றுசேர்ந்து, ஊராரிடமும் வெளியூரில் இருப்பவர்களிடமும் நிதி திரட்டிப் பெரிய குளத்தைத் தூர்வாரினார்கள். அதன் பிறகு பல ஊர்களில் இத்தகைய முயற்சிகள் நடந்துவருகின்றன. பள்ளிக் கட்டடம், நூலகம், மருத்துவ உதவி என்று உங்கள் நோக்கம் வேறாக இருந்தாலும் முறை இதேதான். அரசுப் பள்ளிக்கு மட்டும் என்றால், தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் தளம் வழியாகவே கொடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். தனித் தளமே தேவைப்படாமல் போகலாம்.

ஒப்புக்கொள்ளும் முன்

சரி என்று சொல்வதற்கு முன் செயலாளரையும் பொருளாளரையும் உட்காரவைத்து ஐந்து கேள்விகள் கேளுங்கள்.

1. அறக்கட்டளை பதிவாகியிருக்கிறதா? அதன் பெயரில் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் இருக்கின்றனவா?
2. கொடுப்பவருக்கு வரிக் கழிவு கிடைக்கச் செய்யும் 80ஜி அங்கீகாரம் உண்டா? எந்தத் தேதி வரை செல்லும்?
3. வேலைக்கு அனுமதி வாங்கியாயிற்றா? ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் உள்ள ஏரி, குளங்கள் பொதுவாக நீர்வளத்துறையின் பொறுப்பு; அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அனுமதிக் கடிதத்தின் நகல் தளத்தில் ஏறப்போகிறது. அது இல்லாமல் பணம் கேட்கக் கூடாது.
4. தினமும் கணக்கு சொல்லப்போகிறவர் யார்? “எல்லாரும் பாத்துக்குவோம்” என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். ஒரு பெயர் வேண்டும்.
5. பணம் குறைந்தாலோ மிஞ்சினாலோ என்ன செய்வார்கள்?

ஐந்தாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இருக்காது. கூட்டம் போட்டு முடிவெடுத்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அந்த வரியைத் தளத்திலும் போடச் சொல்லுங்கள். ‘மிஞ்சும் தொகை வடக்கு வாய்க்கால் தூர்வாரப் பயன்படும்’ என்ற ஒரு வரி முன்கூட்டியே இருந்தால், பின்னால் வரும் பாதிச் சண்டை வராது.

காலக்கணக்கையும் இப்போதே போடுங்கள். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. டெல்டாக் குளங்களில் பொக்லைன் இறங்கத் தோதான காலம் சித்திரை, வைகாசி. ஆக, தளம் மாசி மாதத்துக்குள் தயாராக வேண்டும். இணையத்தில் பணம் வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வே நிறுவனம் ஆவணங்களைச் சரிபார்க்கவே சில நாள் முதல் சில வாரம் வரை எடுத்துக்கொள்ளும்.

யார் பெயரில் வாங்குவது?

இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். அவசரத்தில் தன்னார்வலர் தன் சொந்த மின்னஞ்சலில், தன் சொந்தக் கார்டில் டொமைன் வாங்கிவிடுவார். இரண்டு வருடம் கழித்து அவர் ஓசூரிலோ துபாயிலோ வேலைக்குப் போய்விடுவார். புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல் அவருக்குப் போகும், கவனிக்க மாட்டார். டொமைன் காலாவதியானால் சில வாரங்களில் யார் வேண்டுமானாலும் அதை வாங்கலாம். நன்கொடை கேட்டு ஊரெல்லாம் பரப்பிய முகவரியில் சூதாட்ட விளம்பரம் ஓடும்.

ஆகவே முதல் வேலை, அறக்கட்டளைக்கென்று ஒரு மின்னஞ்சலும் ஒரு சிம் கார்டும் வாங்குவது. டொமைன், ஹோஸ்டிங், கேட்வே, வாட்ஸ்அப் எல்லாம் அந்த இரண்டின் மேல்தான் நிற்க வேண்டும். ஓடிபி வரும் போன் செயலாளரிடம் இருக்கட்டும். நீங்கள் கேட்கும்போது அவர் சொல்வார். தொல்லைதான். ஆனால் உங்களைத் தவிர இன்னொருவருக்குத் தெரியாமல் எதுவும் மாறாது என்பதற்கு அந்தத் தொல்லைதான் உத்தரவாதம். கடவுச்சொற்களை எழுதி உறையிலிட்டு அறக்கட்டளையின் பத்திரங்களோடு வைக்கலாம்; மாற்றும்போதெல்லாம் உறையையும் மாற்ற வேண்டும்.

டொமைனை ஒரே தடவையில் பல ஆண்டுகளுக்கு வாங்க முடியும். அதிகபட்சம் 10 ஆண்டு. நிதி இடம்கொடுத்தால் மூன்று ஆண்டுக்காவது கட்டிவிடுங்கள். செலவை நீங்கள் கையிலிருந்து போட்டிருந்தாலும் பில் அறக்கட்டளை பெயரிலேயே இருக்கட்டும். திருப்பித் தருவதும் நன்கொடையாக வரவு வைப்பதும் அவர்கள் முடிவு.

ஐந்து பக்கம் போதும்

சின்னத் தளம் போதும். முகப்பு, திட்டமும் செலவு மதிப்பீடும், நன்கொடை, வரவு செலவு, தொடர்பு. கேட்வே நிறுவனங்கள் தனியுரிமை, பணம் திருப்பித் தருதல், நிபந்தனைகள் ஆகியவற்றுக்கும் பக்கம் கேட்கும். அவற்றை எளிய தமிழில் எழுதி அடியில் இணைத்துவிடலாம்.

முகப்பில் வேண்டியது நான்கே விஷயங்கள்: என்ன வேலை, எவ்வளவு வேண்டும், இதுவரை எவ்வளவு வந்தது, எப்படிக் கொடுப்பது. தலைவரின் வாழ்த்துரையும் பொறுப்பாளர் படங்களும் தொடர்புப் பக்கத்துக்குப் போகட்டும். இதைச் சொல்லும்போது யாராவது கொஞ்சம் முகம் சுளிப்பார்கள். “வெளியூர்ல இருக்குறவங்க போன்ல பாக்குறாங்கய்யா, முதல்ல குளம் தெரியணும்” என்று சொல்லிப் பாருங்கள்.

செலவு மதிப்பீட்டை, கொடுப்பவர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்க்கும்படி உடையுங்கள். பொக்லைன் வாடகை மணிக்கு ₹1,200 என்று வைத்துக்கொள்வோம். 300 மணி நேர வேலைக்கு ₹3,60,000. ‘ஒரு மணி நேர வாடகை ₹1,200, அரை நாள் ₹4,800’ என்று நன்கொடைப் பக்கத்தில் போட்டால், ‘தாராளமாக நிதி தாரீர்’ என்பதைவிட அது நன்றாக வேலை செய்யும். ‘எங்க வீட்டுச் சார்பா ரெண்டு மணி நேரம்’ என்று சொல்வதில் ஒரு பெருமையும் இருக்கிறது.

தமிழில் எழுதுவதில் ஓர் எச்சரிக்கை. ஊர் அச்சகத்திலிருந்து வரும் நோட்டீஸ் பெரும்பாலும் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டிருக்கும். அதை அப்படியே ஒட்டினால் தளத்தில் புரியாத குறிகள்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, ஒரு தடவை முழுக்கப் படித்துப் பாருங்கள்; மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறியிருக்கலாம். நோட்டீஸைப் படமாகவே போட்டுவிடுவது சுலபம், ஆனால் படத்திலுள்ள எழுத்தைத் தேடுபொறியில் கண்டெடுப்பது கடினம். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானும் அதைச் சரியாகப் படிக்காது.

படங்கள் வாட்ஸ்அப்பில் வந்து குவியும். ஒரே இடத்தில் நின்று வாரா வாரம் எடுத்த படம் மட்டும் போதும். அளவைக் குறைத்து ஏற்றுங்கள். தளம் தயாரானதும் விலை குறைந்த போன் ஒன்றில், வைஃபை இல்லாமல், திறந்து பாருங்கள்.

பணம் வரும் வழிகள்

முதல் விதி: பணம் அறக்கட்டளைக் கணக்குக்கு மட்டுமே வர வேண்டும். ‘அவசரத்துக்கு என் ஜிபேக்குப் போடுங்க’ என்ற வழி இருக்கவே கூடாது. நல்லெண்ணத்தில் செய்தாலும் அது உங்கள் வருமானமாகத் தெரியும், சந்தேகமும் உங்கள் தலையில் விழும்.

வழிகள் மூன்று. முதலாவது யூபிஐ க்யூஆர் கோடு. செலவில்லை, எல்லோருக்கும் பழக்கம். ஸ்கேன் செய்ததும் திரையில் அறக்கட்டளையின் பெயர் வர வேண்டும். அந்தப் பெயரைக் கோடுக்குக் கீழே எழுதி, ‘வேறு பெயர் வந்தால் பணம் செலுத்தாதீர்கள்’ என்று சொல்லிவிடுங்கள். இதில் குறை என்னவென்றால், வங்கிக் கணக்கில் ஒரு பெயரும் 12 இலக்கக் குறிப்பு எண்ணும் மட்டும் தெரியும். எந்தச் செல்வராஜ் என்று தெரியாது. எனவே பணம் போட்டவர் குறிப்பு எண்ணோடு நிரப்ப ஒரு சிறு படிவம் கொடுங்கள்.

இரண்டாவது நேரடி வங்கிப் பரிமாற்றம். பெரிய தொகைகள் இப்படித்தான் வரும், ஏனெனில் யூபிஐயில் பொதுவான வரம்பு நாளுக்கு ஒரு லட்சம் ரூபாய். கணக்கு எண்ணைத் தளத்தில் போடும்போது எழுத்தாகவே போடுங்கள், நகலெடுக்க வசதியாக இருக்கும். ஏற்றிய பின் இன்னொருவரை விட்டு எண்ணைச் சரிபார்த்து, ஒரு ரூபாய் அனுப்பிச் சோதியுங்கள்.

மூன்றாவது பேமெண்ட் கேட்வே. ரேசர்பே, சிசிஅவென்யூ போன்றவை. கொடுப்பவர் விவரம் தானாகப் பதிவாகும், கார்டும் ஏற்கும். கட்டணம் பொதுவாக 2 சதவீதத்தை ஒட்டி இருக்கும், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆயிரம் ரூபாய் கொடுத்தால் ₹23.60 போய்விடும் என்று வைத்துக்கொள்ளலாம். பட்டியலில் ₹1,000 என்றே காட்டி, கட்டணத்தைச் செலவுப் பக்கத்தில் எழுதுங்கள். பட்டியலில் ₹976.40 என்று போட்டால் கொடுத்தவர் வருத்தப்படுவார்.

எந்த வழியானாலும், ‘நன்றி’ பக்கம் திறந்ததை வைத்துப் பணம் வந்ததாக எண்ண வேண்டாம். வங்கியிலோ கேட்வே கணக்கிலோ வரவு தெரிந்த பிறகுதான் பட்டியலில் ஏற்ற வேண்டும். கார்டு எண்ணை எக்காரணம் கொண்டும் உங்கள் தளத்தில் வாங்கிச் சேமிக்கக் கூடாது.

ரொக்கத்தை மறந்துவிடாதீர்கள். ஊர்ப் பெரியவர்கள் கையில்தான் கொடுப்பார்கள். வரிசை எண் போட்ட ரசீதுப் புத்தகம், மாலையில் பொருளாளர் அனுப்பும் அடிக்கட்டைப் படம், அதிலிருந்து நீங்கள் ஏற்றும் வரி என்று ஒரு நடைமுறை பழகிவிட வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள்

ஊருக்குக் கொடுக்க முதலில் கை நீட்டுபவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். சட்டச் சிக்கல் அதிகமும் இங்கேதான்.

சிங்கப்பூரிலோ குவைத்திலோ வேலை பார்ப்பவர் இன்னும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வழக்கமான வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. கனடா, பிரிட்டன், அமெரிக்கா என்று குடியுரிமை மாறியவர் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை. அவர் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், இதே ஊரில் பிறந்தவராக இருந்தாலும் அப்படித்தான். அதைப் பெற 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்சிஆர்ஏ) பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் தொடங்கிய கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். பதிவு கேட்கும் அமைப்பு பொதுவாக மூன்று ஆண்டாவது இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் தன் பணிகளுக்குச் செலவிட்டிருக்க வேண்டும். சிறிய ஊர் அறக்கட்டளைக்கு இது எளிதில் எட்டாது.

எனவே தளத்தில் செய்ய வேண்டியவை: கேட்வேயில் வெளிநாட்டு கார்டுகளை நிறுத்திவையுங்கள். படிவத்தில் ‘நான் இந்தியக் குடியுரிமை உள்ளவர்’ என்ற உறுதிமொழியைக் கட்டாயமாக்குங்கள். குடியுரிமை மாறியவர்களுக்கு மரியாதையாக ஒரு விளக்கம் எழுதுங்கள். ‘சித்தப்பா மகன் கணக்குக்கு அனுப்பறேன், அவன் கட்டிடுவான்’ என்று யாராவது வழி சொன்னால், ஆடிட்டரைக் கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

ரசீதும் வரியும்

80ஜி இருந்தால் அதைத் தளத்தில் சொல்லலாம். ஆனால் ‘முழு வரி விலக்கு’ என்று போடாதீர்கள். இத்தகைய அறக்கட்டளைகளுக்குக் கொடுத்தால் பெரும்பாலும் தொகையில் பாதியைத்தான் வருமானத்தில் கழிக்கலாம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. ₹2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கும் இந்தச் சலுகை இல்லை.

கழிவு கேட்பவருக்கு உங்கள் ரசீது மட்டும் போதாது. அறக்கட்டளை ஆண்டுதோறும் 10பிடி படிவத்தில் நன்கொடையாளர் விவரங்களை, நிதியாண்டு முடிந்த பின் மே 31-க்குள், வருமான வரித்துறையிடம் தாக்கல் செய்து, 10பிஇ சான்றிதழை எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர், முகவரி, பான் எண், தொகை, செலுத்திய முறை எல்லாம் வேண்டும். இவற்றை ஏப்ரலில் ஒவ்வொருவராகப் போன் போட்டுக் கேட்பதைவிட முதல் நாளே படிவத்தில் வாங்கிவிடுவது நல்லது. 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய வருமான வரிச் சட்டம் வருவதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. ரசீதில் எந்த எண் போடுவது என்பதை ஆடிட்டர் எழுத்தில் சொல்லட்டும்.

படிவத்தில் பெயருக்கு இரண்டு கட்டம் வையுங்கள்: ‘ரசீதில் வர வேண்டிய பெயர்’, ‘பட்டியலில் வர வேண்டிய பெயர்’. பணம் கட்டுவது மகளாக இருப்பார்; பட்டியலில் ‘அப்பா நினைவாக’ என்று வர வேண்டும் என்பார். பான் அட்டையில் ஒரு மாதிரி, ஊரில் கூப்பிடுவது ஒரு மாதிரி இருக்கும். இனிஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா என்பதும் கொடுத்தவர் விருப்பம். ஒரே பெயரில் நான்கு பேர் உள்ள ஊரில் தெருவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘பெயர் வெளியிட வேண்டாம்’ என்று சொல்லவும் இடம் இருக்கட்டும். பட்டியலைத் தொகை வரிசையில் அடுக்காமல் தேதி வரிசையில் போடுங்கள். ₹200 கொடுத்தவர் கடைசி வரியில் நிற்கக் கூடாது. போன் எண், பான், முகவரி மூன்றும் பட்டியலில் வரவே கூடாது. நாட்டில் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்க, நன்கொடையாளர் பட்டியலை வைத்து வேறு வசூல்காரர்கள் போன் செய்யத் தொடங்கினால் அடுத்த தடவை உங்களுக்கு யாரும் விவரம் தர மாட்டார்கள்.

திரட்டும் வாரங்கள்

தினமும் மாலை ஒரு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். வங்கி வரவு, கேட்வே வரவு, ரசீது அடிக்கட்டை மூன்றையும் ஒரே எக்செல் தாளில் ஏற்றி, கூட்டுத்தொகையைப் பொருளாளர் சரி என்ற பிறகு தளத்தில் மாற்றுங்கள். தொகைக்குப் பக்கத்தில் ‘மாலை 6 மணி நிலவரம்’ என்று தேதியோடு எழுதுங்கள். ‘தருவதாகச் சொன்ன தொகை’யை ‘வந்த தொகை’யோடு சேர்க்க வேண்டாம், கூட்டத்தில் கைதட்டலோடு அறிவித்த தொகை எல்லாமே வந்து சேர்வதில்லை.

பொக்லைன் இறங்கியதும் செலவுப் பக்கம் ஓடத் தொடங்க வேண்டும்: தேதி, எந்த வண்டி, எத்தனை மணி நேரம், எவ்வளவு கொடுத்தது, யார் கையெழுத்து. பில்லின் படமும் இருக்கட்டும். தூர்வாரும் வேலையில் நிச்சயம் வரும் கேள்வி ஒன்று உண்டு: “அள்ளுன மண்ணு எங்க போச்சு?” கேட்பதற்கு முன்பே பதிலைப் போடுங்கள். கரைக்கு எவ்வளவு, வேறெங்காவது போனதென்றால் யார் அனுமதியோடு, எத்தனை நடை என்பதெல்லாம் அதில் வரட்டும்.

மோசடிக்காரர்களும் இந்த வாரங்களில்தான் வருவார்கள். “தவறுதலா பத்தாயிரம் அனுப்பிட்டேன் சார், திருப்பிப் போடுங்க” என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும். வங்கியில் வரவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும், வந்த கணக்குக்கே வங்கி அல்லது கேட்வே மூலம்தான் திருப்ப வேண்டும், அவர் சொல்லும் புதிய எண்ணுக்கு அல்ல. பணம் பெறுவதற்கு யூபிஐ பின் போட வேண்டியதில்லை என்பதைப் பொருளாளருக்கும் சொல்லிவையுங்கள். உங்கள் பெயரில் போலித் தளமோ போலி க்யூஆர் கோடோ கண்டால் 1930 எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுத்து, தளத்தின் முகப்பிலும் அறிவியுங்கள்.

வேர்ட்பிரஸ் பயன்படுத்தினால் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள், தேவையற்ற ப்ளகின்களை நீக்குங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவச எஸ்எஸ்எல் சான்றிதழுக்கு ஆயுள் குறுகியது. அது தானாகப் புதுப்பிக்கப்படுகிறதா என்று பாருங்கள். வாரம் ஒரு பேக்கப், அதில் ஒன்று இணையத்துக்கு வெளியே பென் டிரைவில்.

கணக்கு முடித்து ஒப்படைத்தல்

வேலை முடிந்ததும் நன்கொடைப் பொத்தானை எடுத்துவிடுங்கள். முடிந்த திட்டத்துக்குப் பணம் வந்துகொண்டே இருப்பது தலைவலி. மொத்த வரவு, மொத்தச் செலவு, மீதி, மீதி எங்கே போகிறது என்ற நான்கு வரிகளைப் பொருளாளரும் ஆடிட்டரும் கையெழுத்திட்ட தாளோடு வெளியிடுங்கள். அந்தப் பக்கத்தை அழிக்க வேண்டாம். அடுத்த முறை நிதி கேட்கும்போது உங்களுக்காகப் பேசப்போவது அதுதான்.

பிறகு ஒப்படையுங்கள். டொமைன், ஹோஸ்டிங் புதுப்பிக்கும் தேதிகள், கணக்குகளின் பட்டியல், எக்செல் தாள், பேக்கப், ‘ஒரு வரவைத் தளத்தில் ஏற்றுவது எப்படி’ என்று தமிழில் எழுதிய இரண்டு பக்கக் குறிப்பு எல்லாம் ஒரு கோப்பில் இருக்கட்டும். அந்தக் குறிப்பை வைத்துச் செயலாளரையே ஒரு வரி ஏற்றச் சொல்லிப் பக்கத்தில் சும்மா உட்காருங்கள். அவர் தடுமாறும் இடத்தில் குறிப்பைத் திருத்துங்கள். கடைசியாகக் கடவுச்சொற்களை அவரையே மாற்றச் சொல்லுங்கள். புதியவை உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அடுத்த சித்திரையில் வேறொரு தம்பியோ தங்கையோ உங்களுக்கு ஒரு போன்கூடப் போடாமல் தளத்தை நடத்த முடிந்தால், பொறுப்பை முழுமையாக முடித்திருக்கிறீர்கள்.